எங்களிடம் கேட்டுப்போன பதில்கள் எங்கே போகின்றன?

கேள்வி:



நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டியைச் சேர்ந்தவள். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு எட்டு வயது. கோணப்புலம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணமும் கட்டி, துறைமுகப் பக்கம் இராணுவத்திடமிருந்து விடுபட்ட பிறகு ஊருக்குத் திரும்பினேன். இப்போது எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். அதனால் ஆய்வு என்று யார் வந்தாலும் சனத்தைக் கூப்பிட்டுச் சேர்த்துக் கொடுக்கும் வேலை என் தலையில்தான் விழுகிறது.

கடைசியாக வந்தவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்றார்கள். பெயரை எழுத விரும்பவில்லை. வந்த பிள்ளைகள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஆனால் ஒரு வீட்டில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து கடன் எவ்வளவு, கோழி எத்தனை, கிழமையில் எத்தனை நாள் இறைச்சி, இராணுவ முகாம் வேலியிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று எல்லாம் கேட்டார்கள். கையெழுத்து வாங்கிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. போனவர்கள் போனவர்கள்தான். இதுக்கு முன்னம் வந்தவர்களும் அப்படித்தான். "அந்தக் கொப்பியெல்லாம் எங்கை பிள்ளை போகுது?" என்று ஓர் அம்மா என்னைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

அரச திணைக்களமும் இல்லை, தொண்டு நிறுவனமும் இல்லை என்றால் இவர்கள் செய்யும் வேலைதான் என்ன? எங்களுக்கு இதனால் ஏதும் வருமா? அடுத்தமுறை வந்தால் படலையைத் திறப்பதா, விடுவதா?

வாசகி, மயிலிட்டி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படலையைத் திறவுங்கள். ஆனால் கையெழுத்து வைப்பதற்கு முன்னர் நீங்கள் கேட்கவேண்டியவை சில இருக்கின்றன; அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. திணைக்களம் சட்டத்தையும் சுற்றறிக்கையையும் நடைமுறைப்படுத்துகிறது. தொண்டு நிறுவனம் வீடு, மலசலகூடம், வலை என்று கையில் எதையாவது கொண்டுவருகிறது. பல்கலைக்கழகத்துக்குள் இயங்கும் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் எதையும் கொண்டுவராது. ஓர் அரச முடிவு எப்படி எடுக்கப்பட்டது, யாருக்கு அது நன்மை, அதன் செலவு யார் தலையில் விழுந்தது, வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று ஆராய்ந்து, முடிவெடுப்பவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பதே அதன் தொழில்.

உங்கள் கரையில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. கொழும்பிலிருந்து பார்த்தால் நட்டத்தில் ஓடிய மானியம் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். நாளுக்கு 20 லீற்றர் எரிக்கும் ஒரு பைபர் படகு என்று வைத்துக்கொண்டால், 1,740 ரூபாவாக இருந்த எரிபொருட் செலவு 6,800 ரூபாவாகிறது. பட்ட மீன் அந்தக் காசை மூடாத நாளில் படகு கரையிலேயே கிடக்கும். படகு கிடந்தால் வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும் பெண்ணின் நாட்கூலியும் கருவாடு போடும் பெண்ணின் வருமானமும் போய்விடும். கட்டுமரத்திலிருந்து கறிச்சட்டி வரை இந்தக் கணக்கைப் போட்டு, மானியத்தை எல்லோருக்கும் வெட்டாமல் பதிவு செய்த படகுகளுக்கு மட்டும் கொடுத்தால் திறைசேரிக்கு என்ன செலவு வரும் என்று எழுதுவது ஆராய்ச்சியாளரின் வேலை. அந்தக் கணக்கு விலை ஏறுவதற்கு முன்னரே மேசையில் இருந்திருக்கவேண்டும்.

இத்தகைய நிறுவனங்களில் உலகம் அறிந்த ஒன்று மீன்பிடியைப் பற்றியும் பேசியது. 1973 இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் எலினோர் ஒஸ்ட்ரமும் அவருடைய கணவர் வின்சென்ட் ஒஸ்ட்ரமும் கொள்கைப் பகுப்பாய்வுக்கென ஒரு பட்டறையைத் தொடங்கினார்கள். கடல், காடு, குளம், மேய்ச்சல் நிலம் போன்ற பொது வளங்களைச் சனங்களே கூடி எப்படிக் காப்பாற்றுகிறார்கள், எங்கே தோற்றுப்போகிறார்கள் என்று ஊர் ஊராக வந்த ஆய்வுகளை அங்கே சேர்த்துவைத்து ஒப்பிட்டார்கள். எலினோர் 1990 இல் எழுதிய நூல் அந்த உழைப்பின் விளைவு. 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற்பெண் அவர்.

அந்த நூலில் துருக்கியின் அலன்யா என்ற மீன்பிடித் துறை வருகிறது. சுமார் நூறு மீனவர்கள். நல்ல பாடு கிடைக்கும் இடங்களுக்காக 1970களின் தொடக்கத்தில் அங்கே அடிபிடி. கூட்டுறவுச் சங்கத்தார் பத்து வருடத்துக்கு மேலாகப் பட்டுத் தெளிந்து ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு செப்டெம்பரிலும் தொழிலுக்குப் போகும் எல்லோருடைய பெயரையும் எழுதுவார்கள். வலை விரிக்கும் இடங்களை, ஒருவருடைய வலை மற்றவருடையதை மறிக்காத தூரத்தில், பெயர் சொல்லிக் குறிப்பார்கள். பிறகு சீட்டுக் குலுக்கல். ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினமும் ஓர் இடம் கிழக்கே நகரவேண்டும். ஜனவரிக்குப் பின் மேற்கே. மீன் எந்தப் பக்கம் ஓடினாலும் எல்லோருக்கும் சமமான வாய்ப்பு. தன் முறை வந்த நல்ல இடத்தில் வேறொருவன் நின்றால் அவனே சத்தம் போடுவான் என்பதால் காவலுக்கு ஆள் தேவைப்படவில்லை.

அதே நூலில் எங்கள் நாட்டின் தென்கரையில் தங்காலைப் பக்கம் உள்ள மாவெல்ல என்ற கரைவலை ஊரும் வருகிறது. அங்கேயும் முறைவைத்துத்தான் வலை இழுத்தார்கள். முறை ஒழுங்காக இருந்தது. ஆனால் வலைகளின் எண்ணிக்கைக்கு எல்லை இல்லாமற் போயிற்று. வலையில் பங்குள்ளவருக்குத்தான் கரையில் இடம் என்பதால் புதிது புதிதாக வலை கட்டினார்கள். வலை கூடக்கூட ஒவ்வொரு வலைக்கும் கிடைத்த முறை குறைந்தது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருந்தது. அதிகாரிகளை எட்டக்கூடிய செல்வாக்குள்ளவர்கள் அதை நடைமுறைப்படுத்த விடவில்லை. முறை வகுக்கத் தெரிந்திருந்தும் அந்த ஊர் தோற்றது, வெளியே இருந்த அரச இயந்திரம் கைகொடுக்காததால்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் துறைமுகம். 2017 ஜூலை 3 ஆம் திகதி 54 ஏக்கருடன் மயிலிட்டித் துறைமுகம் 27 வருடங்களுக்குப் பிறகு விடுபட்டது. 2018 ஆகஸ்டில் புனரமைப்புக்கு அடிக்கல், அடுத்த வருடம் ஆகஸ்டில் முதற்கட்டத் திறப்பு, 2025 செப்டெம்பரில் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க வந்து மூன்றாம் கட்டத்தைத் தொடக்கிவைத்தது என்று வேலை நடக்கிறது. கல்லையும் சீமெந்தையும் பொறியியலாளர் பார்த்துக்கொள்வார். பலநாள் கலங்களுக்கு எத்தனை இடம், உங்கள் ஊர்ச் சிறு படகுகளுக்கு எத்தனை? வெளிமாவட்டக் கலம் வந்து நின்றால் எத்தனை நாள் நிற்கலாம்? ஐஸும் டீசலும் யாருக்கு முதலில்? பிடிபட்ட இந்தியப் படகுகள் துறைக்குள் கிடந்து இடத்தை அடைப்பதற்கு யார் பொறுப்பு? பெண்கள் கருவாடு காயப்போட மண்ணுப் படாத நிலம் வரைபடத்தில் இருக்கிறதா? இவற்றுக்கு அலன்யாவிலும் மாவெல்லவிலும் பாடம் இருக்கிறது. உங்களிடம் வரும் நிறுவனம் கோழியை எண்ணுவதை விட்டுவிட்டு இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது கையில் எடுத்திருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆராய்ச்சியால் ஏதாவது வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பாக்கு நீரிணை விவகாரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் கிழமையில் மூன்று நாள் வரும், அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் வலையை அறுத்துக்கொள்ளாமல் கரையில் நிற்பார்கள் என்பது வடக்கின் எந்தச் சம்மாட்டிக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் தெரிந்திருப்பது வேறு, மறுக்க முடியாதபடி எழுத்தில் இருப்பது வேறு. அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் யூரி ஸ்கோல்டன்ஸ், மார்ட்டன் பாவிங்க் ஆகியோரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஏ.எஸ். சூசையும் 2012 இல் இந்தியாவின் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். டில்லியிலும் சென்னையிலும் படிக்கப்படும் இதழ் அது. அதுவரை அங்கே பெரும்பாலும் தாக்கப்பட்ட இந்திய மீனவர் கதையாகவே பேசப்பட்ட விடயத்தில் வடபகுதித் தமிழ் மீனவன் இழந்த நாட்களும் வலைகளும் இடம்பிடித்தன. கடலடியை வாரும் இழுவைமடியை முற்றாகத் தடைசெய்யும் 11 ஆம் இலக்கக் கடற்றொழில் திருத்தச் சட்டம் 2017 ஜூலையில், உங்கள் துறைமுகம் விடுபட்ட அதே மாதத்தில், நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்த சட்டமூலம் அது. ஒரு கட்டுரையால் ஒரு சட்டம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். மீனவர் சங்கத்தாரும் சமாசத்தாரும் வீதியில் நின்றார்கள். அவர்கள் சொன்னதை வெறும் முறைப்பாடு என்று ஒதுக்கமுடியாதபடி எழுத்து பக்கத்தில் நின்றது.

அதோடு முடிந்ததா? இல்லை. சட்டம் வந்த பின்னும் இந்தியப் படகுகள் வருகின்றன. உங்கள் துறைக்குள் கட்டிக்கிடப்பவையே சாட்சி. உள்ளூர் இழுவைத்தொழிலும் முற்றாக நிற்கவில்லை. அதே 2017 இல் இந்தியா 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் கலங்களாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. கலம் ஒன்றுக்கு 80 இலட்சம் இந்திய ரூபா, அதில் 70 வீதம் அரச மானியம். இலக்குக்குக் கிட்டவும் அது போகவில்லை. மீதிக் காசைக் கடனாகத் தலையில் ஏற்றிக்கொண்டு, வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை பிடிக்கும் பழக்கமில்லாத தொழிலுக்குப் போக ஒரு நாள் தொழிலுக்குப் பழகியவர்கள் தயங்கினார்கள். அந்தப் பக்கத்து மீனவனின் கடன் கணக்கை முதலில் எடுத்துப் பார்த்திருந்தால் திட்டத்தை வேறுவிதமாக வகுத்திருக்கலாம். ராமேசுவரத்தின் கடனும் மயிலிட்டியின் வலையும் ஒரே ஆய்வில் வரவேண்டியவை. அரசுகள் தத்தம் பக்கத்தை மட்டும் பார்க்கும். இரண்டு கரையையும் சேர்த்துப் பார்க்கும் சுதந்திரம் பல்கலைக்கழகத்துக்குத்தான் உண்டு.

காணி விடயத்திலும் எழுத்தின் பலம் தெரிந்தது. 2013 ஏப்ரிலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலுமாக 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியபோது, 2,000க்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். முகாமில் இத்தனை வருடம் கிடந்தவர்களிடம் உறுதி, வரைபடம், பதிவு எல்லாம் ஒழுங்காக இருக்குமா? பல்கலைக்கழகத்துக்கு வெளியே இயங்கும் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2011 இலேயே வடக்கின் காணிப் பிரச்சினைகளை ஒரு பெரிய அறிக்கையாக எழுதி வைத்திருந்தது. அத்தகைய ஆவணங்கள் அன்று ஏற்கெனவே கையில் இருந்தன. 2018 ஏப்ரிலில் மேலும் 683 ஏக்கர் விடப்பட்டது. இன்னும் விடவேண்டியது இருக்கிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வந்த வினாக்கொத்து. அதை நான் பார்க்கவில்லை, ஆனால் இத்தகைய படிவங்களில் எங்கும் காணும் ஒரு வினா: "மீள்குடியேறிவிட்டீர்களா? ஆம் / இல்லை." இதற்கு மயிலிட்டியில் பதில் சொல்லிப் பாருங்கள். ஒருத்தி கிராம அலுவலரிடம் பதிந்திருக்கிறாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக இரவில் சுன்னாகத்தில் வாடகை வீட்டில் படுக்கிறாள். இன்னொருத்தியின் தாய்க்கு 1990 இல் ஒரு வளவு, ஒரு குடும்ப அட்டை. முகாமில் அந்த ஒரு குடும்பம் நாலாகப் பெருகியது. வீட்டுத்திட்டம் வந்தால் வளவு இருக்கும் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்ற மூன்றும் காணியில்லாத குடும்பங்கள். மூன்றாமவளின் சீதனக் காணி விடுபடாத பகுதிக்குள் இருக்கிறது, அவள் தமக்கையின் காணியில் கொட்டில் போட்டிருக்கிறாள். மூவரும் "ஆம்" என்றுதான் சொல்வார்கள். கணினியில் மூன்று "ஆம்" விழும். நூற்றுக்கு இத்தனை வீதம் மீள்குடியேற்றம் நிறைவு என்று அறிக்கை வரும், அந்த வீதத்தைக் காட்டி அடுத்த வருட ஒதுக்கீட்டைக் குறைப்பார்கள். எழுதியவருக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. வினா பிழையாக அமைந்தது, அவ்வளவுதான். அந்த வினாவைத் திருத்தக்கூடியவர் நீங்கள். உங்களைப் போன்ற ஒரு செயலாளர் படிவம் அச்சாவதற்கு முன் அரை மணித்தியாலம் அதைப் பார்த்தால் பாதிப் பிழை தீர்ந்துவிடும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு கணக்கைச் சரிபார்க்கவேண்டும். நாட்டின் மீனில் மூன்றில் ஒரு பங்கை மயிலிட்டி தந்தது என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறோம். எந்த வருடம்? எந்த மீன்? ஒரு துறைமுகமா, முழு வடபகுதியுமா? ஊரின் பெருமை உண்மையானது. 1990க்கு முன் அது நாட்டின் முன்னணித் துறைகளில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆதாரம் காட்டாத ஒரு பின்னத்தை மனுவின் முதல் வரியில் வைத்தால், அமைச்சில் இருக்கும் ஒரு புள்ளிவிபர அலுவலர் அந்த ஒரு வரியை உடைத்து முழு மனுவையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். பழைய திணைக்களப் பதிவுகளைத் தேடி அந்தக் கணக்கை நிமிர்த்தித் தருவதும் பல்கலைக்கழகம் உங்களுக்குச் செய்யக்கூடிய உதவி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 இல் வளாகமாகத் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உங்கள் கரைக்கு அதிக தூரமில்லை. கடலோர மக்களின் கொள்கைப் பிரச்சினைகளுக்கென்றே நிரந்தரமான ஆட்களும் சொந்த நிதியும் கொண்ட பலமான ஒரு நிறுவனம் அங்கே வேரூன்றவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். வெளிநாட்டு நிதியில் மூன்று வருடத் திட்டம் என்று நடக்கும் ஆய்வு, நிதி தீர்ந்ததும் கலைந்துபோகும். ஆராய்ச்சி செய்த பிள்ளை புலமைப்பரிசில் கிடைத்து வெளியே போய்விடும். அடுத்த குழு முதற்பக்கத்திலிருந்து தொடங்கி உங்கள் வீட்டுக் கோழியை மறுபடி எண்ணும். உங்கள் சலிப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த குழு வரும்போது கேட்கவேண்டியவற்றுக்கு வருகிறேன். வீடு வீடாகப் போவதற்கு முன் சங்க மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்து, யாருடைய பணத்தில் எதற்காக இந்த ஆய்வு என்று சொல்லச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வரட்டும். வாசித்து விளங்காத தாளில் ஒருவரும் கையெழுத்து வைக்கவேண்டாம். பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதி தந்த கடிதத்தைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, அது அவர்களிடம் இருக்கவேண்டிய ஒன்று. இராணுவ முகாம் வேலியைப் பற்றிய வினாவுக்குச் சொல்லும் பதிலோடு பெயரும் வீட்டிலக்கமும் ஒரே தாளில் இருக்கக்கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவேண்டாம். முன்னர் வந்தவர்கள் எழுதியதை வாசித்தீர்களா என்று கேளுங்கள். வாசிக்கவில்லை என்றால் வாசித்துவிட்டு வரச்சொல்லுங்கள். அறிக்கை அச்சாகும் முன் அதன் சாரத்தைத் தமிழில் நாலு பக்கமாகக் கொண்டுவந்து சங்கத்தில் வாசிக்கவேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசியாக, இந்த அறிக்கை யாருடைய கையில் போய்ச் சேரும், கடற்றொழில் அமைச்சிலா, மாவட்டச் செயலகத்திலா, எந்த முடிவு எடுக்கப்படும் முன்னர் என்று கேளுங்கள். இதற்குப் பதில் இல்லாதவர்களுக்கு உங்கள் ஒன்றரை மணித்தியாலத்தைக் கொடுக்கத் தேவையில்லை. நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சந்தோசப்படும்.

அதற்கிடையில் உங்கள் சங்கமே ஓர் 80 பக்கக் கொப்பியைத் தொடங்கலாம். திகதி, கடலுக்குப் போன படகு எத்தனை, போகாதது எத்தனை, ஏன் போகவில்லை, மண்ணெண்ணெய் விலை, கரையில் மீன் போன விலை, துறையில் நின்ற வெளிக்கலங்கள். ஒரு சோளகக் காலமும் ஒரு வாடைக் காலமும் விடாமல் எழுதினால் எந்தப் பேராசிரியரிடமும் இல்லாத தரவு உங்கள் அலுமாரியில் இருக்கும்.

துறைமுகத்தின் மூன்றாம் கட்டத் திட்டத்தில் சிறு படகுகளுக்கும் கருவாட்டு நிலத்துக்கும் எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை அறிய எந்த ஆய்வுக் குழுவுக்காகவும் நீங்கள் காத்திருக்கவேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்லவேண்டும்.